கீழ்த்தட்டுப் பந்தி

ஆஸ்திரேலியா போய் வந்தவர்கள் எல்லாரும் கங்காருவைப் பற்றி எழுதுகிறார்கள். நான் பார்த்த கங்காரு ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது சாப்பாடு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

பள்ளிக்கூடம் என்னை நாலாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கோவில்பட்டி வட்டாரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் முத்தையா மாஸ்டர் என்று கேட்டுப்பாருங்கள். என்ஜினீயர் வீட்டுக் கல்யாணத்தில் அந்த என்ஜினீயரே என் அடுப்புக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருக்கிறார், சாம்பார் பத்துமா மாஸ்டர் என்று. வாசலில் நின்று கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தால் எத்தனை படி அரிசி உலையில் போடவேண்டும் என்று சொல்லிவிடுவேன். இந்தக் கணக்கை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இந்த வருஷம் எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்து பறந்தது. மகன் டாலஸில் இருக்கிறான். மருமகளுக்குப் பேறுகாலம் என்று என் மனைவி அங்கே போனாள். மகள் கயல்விழி சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறாள். நான் இங்கே வந்தேன். விமானத்தில் உப்புமா மாதிரி ஒன்று கொடுத்தார்கள். பக்கத்து ஸீட் வெள்ளைக்காரர் அதை வழித்துச் சாப்பிட்டார். பாவம், அவர் உப்புமாவைப் பார்த்ததில்லை.

கயல் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டுச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கப்போகிறேன் என்றாள். மருமகன் நல்ல மனிதர், ஆனால் ஆடிட்டர். வந்த அன்றைக்கே காரில் என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டார், இந்த வருஷம் முடிகிறவரை பார்ப்போம் மாமா, அப்புறம் அவள் ஆபீஸுக்குத் திரும்பிவிடுவதுதான் நல்லது என்று. அதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பிறந்தநாள் பிரியாணிதான். இப்போதுதான் பெரிதாக ஒன்று வந்திருந்தது. பாராமட்டாவில் பழைய வரலாறு பேசுகிற வெள்ளைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விருந்து. அது சரியாக அமைந்தால் அடுத்து வருகிற விருந்துகள் எல்லாம் அவளுக்கே. மண்டபத்துச் சமையலறைச் சாவியும் அவள் கையில். அமையாவிட்டால் மருமகன் சொன்னதுதான்.

“நான் இருக்கேன்ல” என்றேன்.

“அதான்ப்பா எனக்குப் பயம்” என்றாள்.

மறுநாள் மசாலா வாங்க ஹரிஸ் பார்க் போகலாம் என்று தனியாகக் கிளம்பினேன். பயணக் கார்டைத் தட்டினால் ரயில் கதவு திறக்கும் என்று நினைத்துக் கதவில் தட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் வாசலில் இருக்கிற கம்பத்தில் தட்டவேண்டுமாம். ஒரு சர்தார்ஜி பையன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தட்டவைத்தான். நான் கிளம்பின பாராமட்டா ஸ்டேஷனுக்கு அடுத்ததுதான் ஹரிஸ் பார்க், நடந்தே போயிருக்கலாம். நான் ஏறின ரயில் அங்கே நிற்காமல் பறந்து ஸ்டிராத்ஃபீல்டில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு கொரியாக்காரர் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டேன். புளிக்கவைத்த முட்டைக்கோஸை ஊறுகாய் மாதிரி வைத்தார்கள். நல்ல கைப்பக்குவம். சமையற்காரரை வரச்சொல்லிக் கையைக் குலுக்கினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, இன்னொரு கிண்ணம் ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார். தொழில்காரனுக்குத் தொழில்காரனைத் தெரியும்.

வெள்ளிக்கிழமை சங்கத்துத் தலைவி மார்கரெட் அம்மாள் வீட்டுக்கு வந்தார். எழுபது வயதிருக்கும். ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து, எங்கள் காலைப் பார்த்து, திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார். அவர் பேசியதைக் கயல் எனக்குச் சொல்லச்சொல்லத்தான் விருந்து என்னவென்றே புரிந்தது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அயர்லாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் என்று ஐரோப்பாவிலிருந்து ஏழை ஜனங்கள் கும்பல் கும்பலாக நீராவிக் கப்பல் ஏறினார்கள். சிலர் ஆஸ்திரேலியா வந்தார்கள். மிகப் பலர் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனார்கள். ஒரே வீட்டில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. போன தடவை இங்கே வந்த கப்பல்களின் நினைவாக விருந்து வைத்தார்களாம். இந்தத் தடவை அட்லாண்டிக் கப்பல். என் வீட்டிலும் இப்போது அதே கதைதான், மனைவி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று சொல்லச் சொன்னேன். மார்கரெட் அம்மாளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

விருந்தின் விசேஷம் இதுதான். எல்லாருக்கும் கட்டணம் ஒன்று. ஆனால் வாசலில் ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளைச் சீட்டு எடுத்தவர் மேல்தட்டுப் பயணி. அவருக்கு மேஜைவிரிப்பு, பீங்கான் தட்டு, வாட்டிய கோழி. பழுப்புச் சீட்டு எடுத்தவர் கீழ்த்தட்டு. முதுகு சாயாத பெஞ்சு, தகரத் தட்டு, ஒரு கரண்டி பார்லி சூப், ஒரு துண்டு உப்பு மீன், பல் உடைகிற பிஸ்கட். அந்தக் காலத்தில் அவர்கள் தட்டும் குவளையும் படுக்கையும் தாங்களே கட்டிக்கொண்டுதான் கப்பலேறுவார்களாம். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே, வாந்திக்கு நடுவில், வாளியில் வருகிற சூப்பை வரிசையில் நின்று வாங்கிக் குடிப்பார்களாம். ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்திலும் பந்தியில் பேதம் பார்க்கிறவர்கள் உண்டு. முதல் பந்திக்கு முந்திரி மிதக்கும், கடைசிப் பந்திக்குப் பாயசத்தில் தண்ணீர் மிதக்கும். என் வேலையில் அது நடக்காது. முதல் இலையில் விழுந்ததுதான் கடைசி இலையிலும் விழும். அதற்காகவே இரண்டு பெரிய வீட்டுக் காண்ட்ராக்டை விட்டவன் நான். காசு கொடுத்து வருகிறவர்களில் பாதிப் பேரைப் பட்டினி போடுவது என்ன விளையாட்டு என்று கயலிடம் கேட்டேன். அதற்குத்தான்ப்பா வர்றாங்க என்றாள். எனக்கு விளங்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு விளையாட எத்தனையோ இருக்கிறது.

சனிக்கிழமை முழுக்கச் சமையல் ஏற்பாடு. சூப்பைக் கயல் சொன்னபடியே செய்தேன். பார்லி, கேரட், ஒரு எலும்பு, உப்பு. பாத்திரம் கழுவின தண்ணீருக்கும் அதற்கும் நிறத்தில்தான் வித்தியாசம். நாலு மிளகு தட்டிப்போட்டால் என்ன குறைந்துபோகும் என்று கை அரித்தது. கயல் மிளகு டப்பாவைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கோழி என் கோழி. வெண்ணெய் தடவி ஓவன் அடுப்பில் நான் வாட்டின அந்தக் கோழியைப் பார்த்திருந்தால் கப்பல் கேப்டனே கீழே இறங்கி வந்திருப்பான்.

ஞாயிறு காலை வேன் கொண்டுவந்தவர் டூங்கபியில் இருக்கிற சிவம். யாழ்ப்பாணத்துக்காரர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். கயலுக்கு உதவியாக வண்டியும் ஓட்டுவார், பரிமாறவும் செய்வார். கயல் தன் காரில் முன்னால் போய்விட்டாள். வழியில் ஒரு ரவுண்டானாவில் எவனோ குறுக்கே வர, சிவம் பிரேக் போட, சூப் அண்டா என் மடியை நோக்கி வந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“பிடியுங்கோ ஐயா, கப்பல் ஆடுது” என்றார் சிவம், சிரிக்காமல்.

மண்டபத்தில் கயிறெல்லாம் கட்டி, சங்கு மாதிரி ஊதுகிற ஒன்றை வைத்து, கப்பல் மாதிரியே பண்ணியிருந்தார்கள். கிழவர்கள் தொப்பி வைத்து, கிழவிகள் தலையில் துணி கட்டி, சீட்டு எடுத்துவிட்டு ஒரே சிரிப்பு. மேல்தட்டுக்குக் கயல். கீழ்த்தட்டுக்கு நானும் சிவமும். கப்பல் சிப்பந்தி என்று எனக்கு ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

முதல் வரிசைக்கு ஒரு கரண்டி ஊற்றினேன். மீன் துண்டு, பிஸ்கட். அடுத்த வரிசை. திரும்பிப் பார்த்தால் முதல் வரிசையில் தட்டு காலி. அப்போது ஆரம்பித்தார்கள். தகரத் தட்டைக் கரண்டியால் தட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. ஒரு தாடிக்காரர் எழுந்து தட்டை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். அதெல்லாம் விளையாட்டில் சேர்ந்தது, சிப்பந்தி முறைத்துவிட்டுப் போகவேண்டும் என்று பிறகு சொன்னார்கள். முன்னால் சொன்னார்களா என்றால், சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இதைச் சமையல் தொழிலில் இருக்கிறவர்களிடம் கேட்டுப்பாருங்கள். காலி இலையைக் கண்டால் கை தானாகப் போகும். அது மூளைக்குத் தெரிந்து நடக்கிற காரியமில்லை. தாடிக்காரருக்கு ஊற்றினேன். பக்கத்துக்காரருக்கும் ஊற்றினேன். பந்தியில் ஒருத்தருக்கு ஊற்றி ஒருத்தரை விடுவது எப்படி?

“ஐயா, ஒரு அகப்பைக்கு மேல ஊத்தக்கூடாதெண்டு பிள்ளை சொன்னவ” என்று சிவம் காதருகில் சொன்னார்.

அடுத்த வரிசைக் கோடியில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். காற்றடித்தால் பறந்துவிடுகிற உடம்பு. பிஸ்கட்டைச் சூப்பில் ஊறவைத்துக் கண்ணை மூடிக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சமையலறைக்குப் போனேன். மேல்தட்டு இரண்டாவது சுற்றுக்கு வைத்திருந்த கோழித் தட்டை அப்படியே தூக்கி வந்தேன். அந்த அம்மாள் தட்டில் முதல் துண்டு, நெஞ்சுக்கறி. அப்புறம் வரிசையாக எல்லாருக்கும். முதல் இலையில் விழுந்தது கடைசி இலையிலும் விழவேண்டும், அவ்வளவுதான்.

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. வாழ்த்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வாழ்த்தவில்லை. யாரும் கோழியைத் தொடவும் இல்லை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கோபமாகக்கூட இல்லை. எனக்குப் புரியவில்லை. சிவம் பக்கத்தில் நின்றார். அவர் முகம் மாறியது.

“என்ன சொல்றாங்க?”

“தன்ர பேர் மோரீனாம். ஒவ்வொரு விருந்துக்கும் வாறவவாம். எப்பவும் வெள்ளைச் சீட்டுத்தான் விழுமாம். இண்டைக்குத்தான் முதல் தரம் கீழ்த்தட்டாம். இவவின்ர பூட்டனும் பூட்டியும் இப்பிடித்தான் முதல்ல அமெரிக்கா போனவையாம். ஒரு குழந்தையோட ஏறி, குழந்தை இல்லாமல் இறங்கினவையாம். அவை என்ன சாப்பிட்டவை எண்டு ஒரு நாளாவது அறியவேணும், இண்டைக்குப் பசியோட வீட்ட போகவேணும் எண்டுதான் வந்தவவாம். தயவுசெய்து இதை எடுக்கட்டாம்.”

மேல்தட்டுப் பக்கம் ஒரு மனிதர் இரண்டாவது துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் மார்கரெட் அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்தபோது பார்த்த முகம் இல்லை. கயல் வெறும் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், பெஞ்சுகளைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“அப்பா, எடுங்க.”

“வச்சதையா?”

“ஆமா. எல்லார் தட்டுல இருந்தும்.”

“இலையில வச்சதை எடுக்கிற வழக்கம் நமக்கு இல்லம்மா. அது பாவம்.”

“இது உங்க பந்தி இல்லப்பா” என்றாள் கயல். குரல் உயரவில்லை. “என் பந்தி.”

இத்தனை வருஷத்தில் என் எதிரில் நின்று இப்படிச் சொன்னவர் கிடையாது. சொல்லியிருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன், மந்திரி வீடானாலும் சரி. நான் கரண்டியைப் போடவில்லை. குனிந்து அந்த அம்மாள் தட்டிலிருந்து நெஞ்சுக்கறியை எடுத்தேன். சிவம் தட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டாக எடுத்தேன். எடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சுவரிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன்.

எடுத்த கோழியை மேல்தட்டுக்குக் கொடுக்க முடியாது. எச்சில் தட்டில் கிடந்தது. மேலே அந்த மனிதர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். கயல் நாற்காலி ஒன்றில் ஏறி நின்று, சங்கை ஊதச்சொல்லி, இங்கிலீஷில் ஏதோ அறிவித்தாள். கடல் கொந்தளிக்கிறது, மேல்தட்டு அடுப்பு அணைந்துவிட்டது, கேப்டன் உத்தரவுப்படி இனி கப்பலில் எல்லாருக்கும் ஒரே வாளி என்று சொன்னாளாம். கீழ்த்தட்டு மொத்தமும் பெஞ்சைத் தட்டிக் கூத்தாடியது. பீங்கான் தட்டுகளில் ஆளுக்கு ஒரு கரண்டி சூப் விழுந்தது. பட்டுத் துணி கட்டியிருந்த ஒரு அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! நான் சமைத்த எதற்கும் அப்படி ஒரு பார்வை கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு நான் சிப்பந்தி வேலையை ஒழுங்காகப் பார்த்தேன். பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் அதில் என்னை மிஞ்ச முடியாது. தட்டை நீட்டினார்கள், முறைத்தேன். கோட்டைப் பிடித்து இழுத்தார்கள், உதறினேன். தாடிக்காரர் முழங்காலில் நின்றே கேட்டார். அவர் தட்டில் கரண்டியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு நடந்தேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் மோரீன் அம்மாளைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் போனபிறகு மார்கரெட் அம்மாள் சமையலறைக்குள் வந்தார். கயல் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. நான் மூலையில் நின்றேன், சிவம் காதருகில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கோழியைப் பற்றித்தான் முதலில் பேசினார். நடந்தது பெரிய தவறு, சங்கத்தில் கேள்வி வரும் என்றார். பிறகு, மேல்தட்டு ஆட்கள் அந்தச் சூப்பைக் குடித்தது இத்தனை விருந்தில் இதுதான் முதல் தடவை, அதுவும் பேச்சாக இருக்கிறது என்றார். அடுத்த மாதம் இன்னொரு விருந்து, ஜெர்மன்காரர்கள் ஏறிய கப்பல், உன்னால் செய்ய முடியுமா என்று கேட்டார்.

கயல் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. ஒரு கணக்கு இருந்தது. கணக்கு எனக்குத் தெரியும்.

“அடுத்த மாசம் நான் மெல்போர்ன்ல இருப்பேன்னு சொல்லும்மா” என்றேன்.

“மெல்போர்னுக்கா? எப்ப முடிவு பண்ணீங்க?”

“இப்பத்தான்.”

கயல் அதைச் சொன்னாள். மார்கரெட் அம்மாள் முகம் அப்போதுதான் தளர்ந்தது. பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார்.

இப்போது மெல்போர்னில், அக்காள் மகன் வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். இங்கே காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, மதியம் குளிர். ஒரே நாளில் சித்திரை, ஐப்பசி, மார்கழி மூன்றும் வந்துபோகிறது. ஊருக்கு நடுவில் டிராம் இலவசம். கார்டைத் தட்டவும் வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். இத்தாலிக்காரர் தெருவில் ஒரு காப்பி குடித்தேன். கும்பகோணத்துக்காரர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, நன்றாகவே இருந்தது.

இன்றைக்கு அங்கே ஜெர்மன் கப்பல் விருந்து. காலையிலிருந்து நான் போன் செய்யவில்லை. முட்டைக்கோஸ் சூப் என்று கேள்வி. முட்டைக்கோஸை எப்போது போடவேண்டும், எத்தனை கொதியில் இறக்கவேண்டும், உப்பை எப்போது போடக்கூடாது, எல்லாம் நெஞ்சுவரை வந்து நின்றது. வீட்டில் உட்கார்ந்தால் விரல் தானாகப் போனை அமுக்கிவிடும் என்று டிராமில் ஏறினேன். அது ஊரைச் சுற்றி வந்து ஏறின இடத்திலேயே விட்டது. மறுபடி ஏறினேன். எதிர் ஸீட் சீனக்காரப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பந்தி நடக்கிற நேரத்துக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. கயலுக்குப் போன் செய்தேன். எடுத்தது சிவம்.

“பிள்ளை பரிமாறிக்கொண்டு நிக்கிறா ஐயா. இப்ப கதைக்கமாட்டா.”

“சூப்பு எப்படி?”

“வையுங்கோ ஐயா, எனக்கும் வேலை கிடக்கு.”

சொன்னாரே தவிர, போனை எங்கேயோ அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார் போலிருக்கிறது. இணைப்பு அறுபடவில்லை. நான் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தகரத் தட்டுகளைத் தட்டிக் கேட்கிற சத்தம் வந்தது. யாராவது ஒருத்தருக்கு ஊற்றிவிட்டால் அந்தப் பக்கம் சத்தம் குறையும். எனக்குத் தெரியும், நான் ஊற்றிப் பார்த்தவன். டிராம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. சத்தம் ஒரு இடத்திலும் குறையவில்லை.